நாலாவது கேள்விக்கு நேரே

அஞ்சலாட்சிக்கு வயிறு கூப்பாடு போட்டது. போடட்டும். நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு டம்ளர் மோர் குடித்ததோடு சரி, அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. விடிகாலையில் விழுப்புரத்தில் பஸ் ஏற்றிவிட வந்த புருஷன் குணசீலன், பஸ் ஸ்டாண்டு கடையில் காப்பி வாங்கி ஆற்றிக்கொண்டே வந்து நீட்டினான், அதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டாள். முகத்தில் மாஸ்க் வைக்கப்போகிற எவரும் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதை அவளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ன? இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியன் அவள். கடைசியா எப்ப சாப்ட்டீங்க, என்ன சாப்ட்டீங்க, மறைக்காம சொல்லுங்க என்று மாவட்டத்தில் பாதிப் பேரை அதட்டியிருப்பாள். அந்தப் பெருமையில்தான் இப்போது புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஸ்கூபா டைவிங் சொல்லித்தரும் ஒரு நிலையத்தின் வாதாமரத்தடி பெஞ்சில், மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தேழு வயசு. காலில் புதுச் செருப்பு. பையில் நீச்சல் உடுப்பு, துண்டு, தலைக்குத் தேங்காயெண்ணெய். எட்டு மணிக்கு வரச்சொன்னார்கள், ஏழரைக்கே வந்துவிட்டாள். உடம்புக்குள் ஏதோ ஒன்று ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, பத்தாவது ரிசல்ட் அன்றைக்குக் கூட இப்படிக் குதித்ததில்லை. சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டியதுதான். இதய நோய் உண்டா, இல்லை. காது ஆபரேஷன் ஆனதுண்டா, இல்லை. வலிப்பு வந்ததுண்டா, இல்லை. மூன்றுக்கும் டிக், டிக், டிக் என்று போட்டாயிற்று. நாலாவது கேள்வியில் பேனா நின்றது. எப்போதாவது ஆஸ்துமாவோ வீசிங்கோ இருந்ததுண்டா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம், விவரம் எழுத ஒரே ஒரு வரி. அஞ்சலாட்சி பேனாவை மூடி போட்டு மூடினாள். வாதாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். நல்ல மரம்.

எல்லாம் அந்தப் பொம்பளையால் வந்தது. போன வருஷம் ஆவணி மாசம், பித்தப்பைக் கல்லுக்காக வந்து படுத்தாளே, முப்பத்தைந்து வயசு இருக்கும், கட்டை முடி. தியேட்டர் விளக்கைப் பார்த்ததும் எல்லாரையும் போல அவளுக்கும் படபடப்பு, மானிட்டரில் நாடித் துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு ஓடுகிறது. மயக்க மருந்து டாக்டர் ஹபிபுல்லா கண்ணைக் காட்டினார், உன் வேலையைச் செய் என்று அர்த்தம். மாஸ்க்கை வைத்தபடியே காதோரம் குனிந்து, கண்ண மூடிக்கிட்டு உங்களுக்குப் பிடிச்ச ஒரு எடத்த நெனைங்க என்பது அஞ்சலாட்சியின் வேலை. எத்தனை எத்தனை இடம் கேட்டிருக்கிறாள். அம்மா வீடு என்பார்கள், மேல்மலையனூர் என்பார்கள், ஒரு தாத்தா மாட்டுக்கொட்டாய் என்றார், ஒரு வாத்தியார் எந்த இடமும் ஞாபகம் வரலியே என்று அழுதார். அந்தப் பொம்பளை சொன்னாள், கடலுக்கு அடியில, பதினஞ்சு மீட்டர் ஆழத்துல, அங்க என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேக்கும். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். மருந்து இன்னும் போகவில்லை, ஊசி டாக்டர் கையில்தான் இருந்தது. மானிட்டரில் நூற்றுப் பன்னிரண்டு தொண்ணூறாயிற்று, எண்பத்தொன்றாயிற்று, எழுபத்துநாலில் போய் நின்றது. அஞ்சலாட்சி தன் கண்ணால் பார்த்தாள். சாமி பேரைச் சொன்னவர்களுக்குக்கூட அவ்வளவு இறங்கியதில்லை. எழுபத்துநாலு. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குழம்பைத் தாளிக்கும்போது எழுபத்துநாலு. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது எழுபத்துநாலு. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டாயிற்று, மூச்சு கொடுக்கும் பையைப் பிடித்துப் பிடித்து அமுக்கியாயிற்று, தன் மூச்சுச் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது கேட்டோமா? கேட்டோம், கேட்டோம், அது வேறு சத்தம், அதை இப்போது நினைக்க வேண்டாம். மீன்களை நினை. நீலத் தண்ணீரை நினை. போன ஏழு மாசமாக ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்தில் போய் நின்று, மூக்கில் தண்ணீர் ஏறி, சிறுசுகள் சிரித்து, நீச்சல் கற்றுக்கொண்டது எதற்கு? குணசீலன் முதலில் தலையில் கைவைத்தான். அப்புறம் அவனே ரெண்டு நாள் யோசித்து, "போறதுன்னு ஆயிடுச்சு, பாதுகாப்பான எடமா பாத்துச் சேரு அஞ்சலா. எது பாதுகாப்புன்னு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்" என்றான். அந்த ஒரு பேச்சுக்காகவே அவனுக்கு ஆயுசு நூறு.

பார்த்தாள், பார்க்காமல் என்ன. போன ஞாயிற்றுக்கிழமை வந்து முதலில் போனது கடற்கரைச் சாலையில் கண்ணாடி வைத்த அந்தப் பெரிய கடை. பேரு என்னவாக இருந்தால் என்ன. வாசலில் ஆளுயரத்துக்கு ஆமைப் படம், உள்ளே ஏசி, கழுத்தில் சிப்பி மாலை போட்ட ஒருத்தன், வாங்க மேடம் வாங்க மேடம் என்று வாயெல்லாம் பல். குளத்தில் பழக்குவதெல்லாம் கிடையாதாம், பத்து நிமிஷம் மணலில் நின்று சொல்லிக்கொடுத்துவிட்டு நேரே படகாம், ஆறு பேருக்கு ஒரு ஆளாம், வீடியோ எடுத்துத் தருவார்களாம். வீடியோ என்றதும் அஞ்சலாட்சிக்கே கொஞ்சம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். சும்மா ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க மேடம் என்று வாயில் வைக்கிற குழாயைக் கொடுத்தான். இழுத்தாள். கண் தானாக மீட்டருக்குப் போயிற்று, தொழில் புத்தி எங்கே போகும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சடக்கென்று இறங்கி ஏறியது. சிலிண்டர் வால்வை முழுக்கத் திறக்காமல் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தால் முள் அப்படித்தான் குதிக்கும். மேலே இருக்கும்போது காற்று வருகிற மாதிரி இருக்கும், கீழே போனால் இழுக்க இழுக்கப் பற்றாது. "முள்ளு ஆடுது பாருங்க" என்றாள். "அது அப்படித்தான் மேடம் ஆடும்" என்றான் சிப்பி மாலை. அப்படித்தான் ஆடுமாம். அவள் தியேட்டரில் ஒருத்தன் அப்படிச் சொல்லியிருந்தால் அன்றோடு அவனுக்கு வேலை போயிருக்கும். வெளியே வந்து சிலிண்டரில் காற்று நிரப்பும் மிஷினைத் தேடிப் போய்ப் பார்த்தாள். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், ஆட்டோக்கள் நின்று புகை விடும் சந்தைப் பார்த்து இருந்தது. அந்தப் புகையைத்தானே அந்த ஆறு பேரும் கடலுக்கு அடியில் போய் மூச்சு விடுவார்கள்? இந்த இடம் அப்படி இல்லை. இங்கே முதல் தடவை வந்தபோது ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது, அது வேறு கதை. சுவரோரம் வரிசையாக நீலச் சிலிண்டர். அவள் உலகத்தில் நீலம் என்றால் நைட்ரஸ், ஜனங்கள் சிரிப்பு வாயு என்பார்களே அது. அடப்பாவிகளா, இதைக் கொடுத்தா மனுஷனை முக்குகிறீர்கள் என்று அலறாத குறை. அந்துவான்தான் பொறுமையாக, "அது பெயிண்ட்டுக்கா. உள்ள இருக்குறது சாதா காத்து, நீங்க இப்ப இழுக்குறீங்களே அதே காத்து. ஆக்ஸிஜன்கூட இல்ல" என்றான். அந்துவான் இங்கே சொல்லித்தருகிறவன், முப்பது வயசு, கறுத்த முகத்தில் கண்ணாடித் தடம் வெள்ளையாகப் பதிந்திருக்கும். காற்று உறிஞ்சும் குழாய் எங்கே என்று கேட்டதும் அவன் சிரிக்கவில்லை, ஏணி வைத்து மொட்டை மாடிக்கே ஏற்றிக் காட்டினான். ஆளுயரத்துக்கு மேலே, காற்று வரும் பக்கமாக, வலை கட்டி வைத்திருந்தார்கள். ரெண்டு நாள் குளம், ரெண்டு நாள் கடல், ரெண்டு பேருக்கு ஒரு ஆள். ஒவ்வொரு சிலிண்டரையும் மாட்டி, தானே வாயில் வைத்து நாலு மூச்சு இழுத்து, இழுக்கும்போது முள்ளையே பார்க்கிறான். அதைப் பார்த்ததும் அஞ்சலாட்சிக்கு அவனை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. தான் தினமும் காலை ஏழேகாலுக்கு மயக்க மருந்து மிஷினைச் சோதிக்கிற வேலையை ஒருத்தன் அதே ஒழுங்கில் கடலுக்காகச் செய்கிறான். இங்கேதான், இவனிடம்தான் என்று அப்போதே முடிவு பண்ணியாயிற்று. முடிவு பண்ணியதெல்லாம் சரி. இவன் படிவம் கொடுப்பான் என்று யார் கண்டது?

நாலாவது கேள்வி அங்கேயே இருக்கிறது. பேனா மூடியைத் திறந்தாள். இல்லை என்று போட எவ்வளவு நேரமாகும், அரை விநாடி. கடைசியாக இழுப்பு வந்தது எப்போது? மார்கழியில். எந்த மார்கழி? போன மார்கழிக்கு முந்தின மார்கழி. அதை வந்ததென்றே சொல்லமுடியாது, தியேட்டருக்கு வெள்ளையடித்த வாசனைக்கு லேசாக நெஞ்சு இறுகியது, இன்ஹேலரில் ஒரு பஃப் அடித்ததும் போய்விட்டது. அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் ஏதோ ஒரு பனிக்காலம். சின்ன வயசில்தான் ஜாஸ்தி. அஞ்சு வயசில், செஞ்சிப் பக்கம் கம்பு அடிக்கிற களத்தில் தூசி பறந்து, நெஞ்சுக்குள் யாரோ பூனைக்குட்டியை விட்ட மாதிரி கீச்சுக்கீச்சென்று, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தச் சத்தம்தான். தன் மூச்சுச் சத்தம் என்று அவள் கேட்டது அது ஒன்றுதான். எழுபத்துநாலு அதில் இல்லை. பதினாலு வயசோடு நின்றுவிட்டது என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லி, தானும் நம்பி, இருபத்தைந்து வயசில் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரும்போது இதே மாதிரி ஒரு படிவம். இதே மாதிரி ஒரு கட்டம். தியேட்டரில் கேஸ் வாசனை, ஸ்பிரிட் வாசனை, வீசிங் இருக்கிறவளை யார் எடுப்பார்கள் என்று பயந்து, இல்லை என்று போட்டாள். ஒரு டிக். இருபத்திரண்டு வருஷம். மயக்க மருந்து டிராலியில் மூன்றாவது டிராயர், வாய்க்குள் வைக்கும் குழாய்கள் இருக்கும் டப்பாவுக்குப் பின்னால் அவளுடைய பஃப் இருக்கும், யாருக்கும் தெரியாது. குணசீலனுக்குத் தெரியும், அவன் சொல்லமாட்டான். இன்றைக்கும் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. உள்ளே தண்ணீர் நீலமாகக் கிடக்கிறது, வாசலில் இருந்தே குளோரின் வாசனை வருகிறது, அந்த வாசனைக்கே நெஞ்சு துள்ளுகிறது. துள்ளுவது சந்தோஷத்திலா இறுக்கத்திலா? சே, சந்தோஷம்தான். இழுத்துப் பார்த்தாள், நன்றாக இழுத்தது. பார், எவ்வளவு நன்றாக இழுக்கிறது. போட்டுவிடு. போடப் போகும்போது அந்த வேன் டிரைவர் வந்து குறுக்கே நின்றான். குடலிறக்கம் ஆபரேஷனுக்கு வந்தவன், திண்டிவனத்துக்காரன், தேக்கு மரம் மாதிரி உடம்பு. ஆஸ்துமா இருக்கா, இல்லீங்க. வீசிங், இல்லீங்க. படிவத்திலும் இல்லை, வாயிலும் இல்லை. தொண்டையில் குழாய் வைத்ததும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. பையைப் பிடித்து அமுக்குகிறாள், சுவரை அமுக்குகிற மாதிரி இருக்கிறது, காற்று போகவே இல்லை. மானிட்டரில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. டாக்டர் ஹபிபுல்லா ஊசி மேல் ஊசியாகப் போடுகிறார், அவர் நெற்றி வியர்வை அவன் மார்பில் விழுகிறது. ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்துக்கப்புறம் பை கொஞ்சம் இளகியது. பிழைத்தான். அவன் சட்டையை மடித்து வைத்த ஆயா சட்டைப் பையிலிருந்து பஃப்பை எடுத்து நீட்டியபோது அஞ்சலாட்சிக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அவன் கண் விழித்ததும் விழிக்காததுமாகப் போய் நின்று கேட்டாள், ஏன்யா, ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் சுளுக்கிக்குமா? அவன் சொன்னான், சொன்னா ஆபரேஷன் பண்ணமாட்டேன்னு திருப்பி அனுப்பிடுவீங்களோன்னுதாங்க. ஒன்பது வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் அவன் கதையைச் சொல்லியே பயமுறுத்துவாள். இப்போது அந்த மகராசன் வந்து இதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போடுங்கக்கா, போடுங்க, சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க என்கிறான்.

திருப்பித்தான் அனுப்புவான். அந்துவானைப் பார்த்தால் தெரிகிறதே, முள்ளைப் பார்க்கிற ஆள் இதைப் பார்க்காமல் விடுவானா? அப்படியானால் குளம் இல்லை, கடல் இல்லை, மீன் இல்லை, எழுபத்துநாலு இல்லை, ஏழு மாச நீச்சலும் எண்ணெயும் துண்டும் மூட்டை கட்டிக்கொண்டு பதினொரு மணி பஸ். ஊரில் என்ன சொல்வது? தியேட்டரில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, சமையல்காரம்மா முதற்கொண்டு. டாக்டர் கேட்பார், என்னம்மா முத்து எடுத்தியா என்று. போன் அடித்தது, எடுத்துப் பார்த்தாள், சிப்பி மாலைதான், குரல் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். குட் மார்னிங் மேடம், பத்து மணி படகுல ஒரு சீட் காலி, அப்படியே வாங்க, படிவம் கிடிவம் ஒண்ணும் கெடையாது, ஆமை வேற நேத்து வந்துச்சு. ஆமை. ரெண்டு தெரு நடந்தால் ஆமை. அஞ்சலாட்சி கண்ணை மூடினாள். தனக்குத் தானே காதோரம் குனிந்து சொல்கிற மாதிரி, பிடிச்ச ஒரு எடத்த நெனைங்க என்று சொல்லிப் பார்த்தாள். நீலத் தண்ணீர் வந்தது. வெளிச்சம் கோடு கோடாக இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கீச்சென்றது, அங்கே ஆழத்தில், மேலே பதினைந்து மீட்டர் தண்ணீர், மூன்றாவது டிராயர் விழுப்புரத்தில். பையை அமுக்க ஒரு கை இல்லை. பக்கத்தில் இருப்பவன் அந்துவான். படிவத்தில் இல்லை என்று படித்துவிட்டு, அதை நம்பிக்கொண்டு, எதற்கு இவள் கையை ஆட்டுகிறாள் என்று தெரியாமல் முழிக்கிற அந்துவான். அவன் நெற்றியில் வியர்க்கக்கூட முடியாது, தண்ணீருக்குள் ஏது வியர்வை. அந்த ஏழு நிமிஷத்தை இந்தப் பிள்ளைக்கா கொடுக்கப்போகிறாய்? கண்ணைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். போட்ட வேகத்தில் டிக்கின் வால் நீண்டு விவரம் எழுதும் வரியில் போய் முட்டியது. போட்டு முடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அது எதற்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்துவான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை வாங்கினான். மற்ற கேள்விகளைப் பார்த்தானோ இல்லையோ, நாலாவதில் கண் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, இது எப்பருந்து?" என்றான். சொன்னாள். களத்து மேட்டையும் சொன்னாள், போன மார்கழிக்கு முந்தின மார்கழியையும் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட அவன் போனைப் பார்க்கவில்லை. "இன்னிக்குத் தண்ணியில எறக்க முடியாதுக்கா. கோச்சுக்காதீங்க. கீழருந்து மேல வரும்போது நெஞ்சுல இருக்குற காத்து விரியும். மூச்சுக்குழாய் இறுகிப்போயிருந்தா அது வெளிய வர வழியில்லாம நுரையீரலக் கிழிச்சிடும். டாக்டர் பாத்து, ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்து, சரின்னு எழுதிக் குடுத்தா நானே கூட்டிட்டுப் போறேன். அவரு வேணாம்ன்னா நானும் வேணாம்ன்னுதான் சொல்லுவேன்." "நான் இல்லைன்னு போட்டிருந்தா?" என்றாள் அஞ்சலாட்சி. "கூட்டிட்டுப் போயிருப்பேன்க்கா. நீங்க சொல்றத நம்பித்தான நான் எறங்கறேன்" என்றான். அஞ்சலாட்சி குளத்தைப் பார்த்தாள். வருத்தம்தான், இல்லாமலா, கண்ணெதிரே குளம் கிடக்கிறதே. ஆனால் அதற்கும் மேலே ஒரு கெட்டி சந்தோஷம். எத்தனை பேரை அவள் தியேட்டர் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள், இன்னிக்கு வேணாம், நெஞ்சுச் சளி இருக்குது, சரியானதும் வாங்க என்று. அவர்கள் முகம் தொங்கிப்போகும்போது, இந்த ஜனங்களுக்கு இது புரியலியே என்று நொந்துகொள்வாள். இப்போது தன் முகம் எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒரு கண்ணாடி கிடைத்தால் தேவலை. பாதுகாப்பான இடமாகப் பார் என்றான் குணசீலன். பார்த்தாயிற்று, இதுதான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம். போன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை கூப்பிட்டே விட்டான் சிப்பி மாலை. எடுத்து, "எனக்கு வீசிங் இருக்குது தம்பி" என்றாள் எடுத்த எடுப்பில். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம், தண்ணிக்குள்ள போனா மூச்சு நல்லா விரியும், வாங்க" என்றது போன். அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். அந்துவான் எழுந்தவன் நின்று, "முகமெல்லாம் வெளிறிக் கெடக்குதே, சாப்ட்டீங்களாக்கா?" என்றான். இதற்காகத்தானே காத்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, "நேத்து பத்து மணியிலருந்து எதுவும் தொடல தம்பி. தண்ணிகூட. சுத்தமா வெறும் வயிறு" என்றாள். "எதுக்கு?" என்றான் அந்துவான். "மாஸ்க் வைப்பீங்களே" என்றாள். அவனுக்குப் புரிய கொஞ்ச நேரமானது. புரிந்ததும் சிரிக்கக்கூடாதென்று வாயை மூடினான், தோள் குலுங்கியது. "அக்கா, சாப்பிடாம தண்ணி குடிக்காம யாராச்சும் கடல்ல எறங்குவாங்களா? இதுக்கே நான் உங்கள எறக்கியிருக்கமாட்டேன். பக்கத்துல நல்ல இட்லி, மொதல்ல போய் சாப்பிடுங்க." படிவத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான், டாக்டரிடம் காட்ட வேண்டுமல்லவா. "விவரம்னு இருக்குதுல்ல, அத எழுதாம விட்டுட்டீங்க. அதையும் எழுதிடுங்கக்கா" என்றான்.

இட்லிக்கடை நாலு நடையில் இருந்தது. முதல் இட்லி எப்படி உள்ளே போனதென்று தெரியவில்லை, இரண்டாவதில்தான் உப்பு தெரிந்தது, மூன்றாவதில் உலகம் தெரிந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். குடிக்கும்போதே தெரிந்துவிட்டது, டாக்டர் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றால் எந்த டாக்டர், வேறு எந்த டாக்டர், ஹபிபுல்லா சார்தான். அவரிடம் இருபத்திரண்டு வருஷத்து இல்லையை எடுத்து நீட்டவேண்டும். நாளைக்குச் சொல்லலாம். திங்கட்கிழமை சொல்லலாம். திங்கட்கிழமை ஆறு கேஸ், அன்றைக்கா சொல்வது. அந்துவானிடம் சொல்ல முடிந்தது, அவன் யாரோ. இவர் தினமும் பார்க்கிற முகம். வேலை போய்விடுமா? போகாது, இத்தனை வருஷத்துக்கப்புறம். போகலாம், பொய் பொய்தானே. அந்த வேன் டிரைவரை அவள் திட்டியபோது சாரும் அங்கேதான் நின்றார், பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாரே, அன்றைக்கு எதற்கு அப்படிப் பார்த்தார்? இடது கையால் போனை எடுத்து, யோசித்தால் பேசமாட்டோம் என்று உடனே அழுத்தினாள். "என்னம்மா, முத்து எடுத்தாச்சா?" என்றார் எடுத்ததும். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. "சார், எனக்கு வீசிங் இருக்கு சார். சின்ன வயசுலருந்து. வேலைக்குச் சேரும்போது இல்லைன்னு எழுதிட்டேன். இங்க தண்ணியில எறக்க மாட்டேன்னுட்டாங்க, டாக்டர் லெட்டர் வேணுமாம்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் குக்கர் இன்னொரு விசில் விட்டது. "மூணாவது டிராயர்ல ஒரு பஃப் இருக்குதே," என்றார் சார், "அது தேதி முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, தெரியுமா உனக்கு?" அஞ்சலாட்சிக்கு இட்லி கையிலேயே நின்றுவிட்டது. "அத எடுத்துட்டு புதுசு வாங்கி வச்சிருக்கேன், அந்த டப்பாவுக்குப் பின்னாலயே. மூடி நிறம்கூட வேற. நீ பாக்கல. இதோட நான் மாத்துறது நாலாவது தடவ." "உங்களுக்கு எப்படி சார்?" என்றாள். "பதினாறு வருசமா உன் பக்கத்துல நிக்கிறேன்மா. மூச்ச கேக்குறதுதான என் வேல. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் வழக்கமான குரலில், "திங்கட்கிழமை நெஞ்சு டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன், போய் ஊது. அவர் சரின்னா போ. வேணாம்ன்னா எங்கிட்ட வந்து அழக்கூடாது. சாப்ட்டியா மொதல்ல?" என்றார். "சாப்புடறேன் சார்" என்றாள். போனை வைத்துவிட்டு கையிலிருந்த இட்லியைத் தின்று முடித்தாள். கடையில் யாரும் பேசவில்லை, மின்விசிறியும் ஓடவில்லை. மூச்சு போய் வருவது தெளிவாகக் கேட்டது, போனது, வந்தது, கீச்சென்று எதுவும் இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிப் பார்க்கலாமா என்று ஒரு ஆசை வந்தது, கையெல்லாம் சட்னி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, இலையை நகர்த்தி, படிவத்தை விரித்தாள். விவரம் என்ற வரியில் அஞ்சு வயசிலிருந்து என்று ஆரம்பித்தாள். களத்தை எழுதினாள், மார்கழியை எழுதினாள், மூன்றாவது டிராயரை எழுதினாள். ஒரு வரி எங்கே போதும். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.